நீர்வீழ்ச்சிக்கு மேலே வாழ்பவர்கள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பின் சார்பில் பேசுகிறேன் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த உரையைத் தனியொருத்தி எழுதவில்லை. 1999ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதியவர்களில் ஏழு பேர் தொலைபேசியில் பேசிப் பேசி இதை உருவாக்கினோம். எங்களில் ஆசிரியைகள் மூவர், தாதி ஒருவர், வங்கியில் ஒருவர், பிள்ளைகளை வளர்ப்பதையே முழுநேர வேலையாகக் கொண்டவர் ஒருவர், வைத்தியர் ஒருவர். மேடையில் நின்று வாசிக்கும் பொறுப்பு மட்டும் வைத்தியரின் தலையில் விழுந்தது. “கையெழுத்துத்தான் வாசிக்க முடியாது, குரலாவது கேட்கட்டும்” என்று மற்ற ஆறு பேரும் முடிவு செய்துவிட்டார்கள்.

நூற்றாண்டு விழாவில் பழைய நினைவுகளைப் பேசுவதே வழக்கம். நாங்களும் ஒரு நினைவிலிருந்தே தொடங்குகிறோம்.

சாதாரண தரம் படித்த ஆண்டில் எங்களைத் தியலும நீர்வீழ்ச்சிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார்கள். லஞ்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப்பொதி, பஸ் முழுவதும் பாட்டு, பண்டாரவளை தாண்டியதும் இரண்டு பேருக்கு வாந்தி. கொஸ்லந்தையைக் கடந்து வளைவில் திரும்பியதும் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்து எல்லோரும் கத்தினோம். கத்தாமல் இருந்தவள் ஒருத்திதான். அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, விடுதியில் தங்கிப் படித்தவள். ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று கேட்டோம். “நீங்க கீழ இருந்து பாக்குறீங்க. நாங்க இதுக்கு மேல இருக்கிறவங்க. தண்ணி கூடினா எங்களுக்குப் பயம், கொறஞ்சா எங்களுக்குக் கஷ்டம்” என்றாள். அப்போது அது எங்களுக்கு விளங்கவில்லை. சிரித்துவிட்டுப் புகைப்படம் எடுக்கப் போய்விட்டோம்.

தியலுமவில் விழுவது பூனாகலைப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் ஓயா. அதே மலைத்தொடரின் சரிவில்தான் மீரியபெத்த இருக்கிறது. 2024 ஒக்டோபர் 29ஆம் திகதியோடு மீரியபெத்த மண்சரிவு நடந்து பத்து ஆண்டுகள் நிறைந்தன. அதனால்தான் நீர்வீழ்ச்சிக்கு மேலே வாழ்பவர்களைப் பற்றி இந்த மேடையில் பேச வேண்டும் என்று நினைத்தோம். அவர்களுடைய பேச்சு எப்போது கேட்கப்படுகிறது, எப்போது கேட்கப்படாமல் போகிறது என்பதே எங்கள் விடயம்.

முதலில் தலவாக்கலைக்குப் போவோம்.

ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையில் சென்கிளயர் நீர்வீழ்ச்சியைப் பார்க்காதவர் நம்மில் இருக்க மாட்டார். ஏறத்தாழ 80 மீற்றர் உயரத்திலிருந்து அகன்று விழுவதால் அதற்கு இலங்கையின் குட்டி நயாகரா என்று பெயர். கொஞ்சத் தூரத்திலேயே 97 மீற்றர் உயரமான டெவன் இருக்கிறது. 1980களில் ஜப்பானிய நிபுணர்களின் உதவியோடு மேல் கொத்மலை நீர்மின் திட்டம் ஆராயப்பட்டது. கொத்மலை ஓயாவைத் தலவாக்கலையில் அணை கட்டி மறித்து, மலைக்குள் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கப்பாதை வழியாக நிலத்தடி மின்நிலையத்துக்குக் கொண்டுபோவதே திட்டம். சென்கிளயர் நடுவில் இருக்கிறது. தண்ணீர் சுரங்கத்தால் போனால் பாறை மட்டும்தான் மிஞ்சும்.

எதிர்ப்பு பல பக்கங்களிலிருந்து வந்தது. மத்திய சுற்றாடல் அதிகார சபை 1990களின் நடுப்பகுதியில் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. மின்சார சபை மேன்முறையீடு செய்து 1998இல் அனுமதி பெற்றது. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. மலையகத் தமிழ்க் கட்சிகள் பல ஆண்டுகள் எதிர்த்தன. தலவாக்கலை நகரத்தின் கடைக்காரர்களும் லயத்துக் குடும்பங்களும் எங்கே போவோம் என்று கேட்டார்கள். ஆனாலும் 2006இல் வேலை தொடங்கி, 2012இல் 150 மெகாவாட் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

எதிர்த்தவர்கள் தோற்றார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. முதலில் போட்ட திட்டத்தில் டெவன் போன்ற நீர்வீழ்ச்சிகளுக்கு வரும் கிளையாறுகளையும் திருப்பும் எண்ணம் இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. சென்கிளயரில் பகல் வேளையில் குறித்த அளவு தண்ணீரை விட வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. இன்று நீங்கள் பகலில் போய்ப் படம் எடுக்கும் தண்ணீர் அந்த நிபந்தனையின் பயன். பழைய பெருக்கு இல்லை, உண்மைதான். இடம்பெயர்ந்த குடும்பங்களில் பலருக்கு லயத்துக்குப் பதிலாகத் தனிவீடு கிடைத்ததையும் மறைக்கக் கூடாது. கேள்வி கேட்டவர்கள் ஒருவரும் இல்லாவிட்டால் இவற்றில் எதுவும் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வைத்தியசாலையில் வேலை செய்பவர்கள் மின்சாரத்துக்கு எதிராகப் பேச முடியாது. குறைமாதக் குழந்தையின் இன்கியூபேட்டரும் சத்திரசிகிச்சைக் கூடத்து விளக்கும் தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டியும் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. 1996இல் மழை பொய்த்து நாடு இருண்டதை நாங்கள் மாணவிகளாக இருந்து பார்த்தோம். குப்பி விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை வைத்தியசாலையில் நின்று பார்த்தோம். பொறியியலாளர் விமலசுரேந்திர மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே எழுதினார். 1950இல் லக்ஷபான இயங்கத் தொடங்கியது. அந்த மின்கம்பிகள் தேயிலை மலைகளுக்கு மேலாக நகரங்களுக்குப் போயின. கம்பிக்குக் கீழே இருந்த லயங்களில் பல, அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கில்தான் இருந்தன. ஆகவே மின்சாரம் வேண்டுமா, நீர்வீழ்ச்சி வேண்டுமா என்று கேட்பதோடு எங்கள் கேள்வி நிற்கவில்லை. பயன் யாருக்கு, இழப்பு யாருக்கு, முடிவெடுக்கும் முன் யாரிடம் கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள் என்பவையே எங்கள் கேள்விகள்.

இனி நம் சொந்த மாவட்டத்துக்கு வருவோம்.

உமா ஓயாத் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வெலிமடைப் பக்கம் புகுல்பொலவிலும் டயரபாவிலும் அணைகள். அங்கிருந்து பண்டாரவளை, எல்ல மலைகளுக்கு அடியில் 15 கிலோமீற்றருக்கும் நீளமான சுரங்கப்பாதை. கீழே கரந்தகொல்லப் பக்கத்தில் 120 மெகாவாட் நிலத்தடி மின்நிலையம். தென்கிழக்கின் வறண்ட நிலத்துக்கு நீர்ப்பாசனமும் உண்டு. ஊவாவின் மேட்டுநிலத்துத் தண்ணீர் மகாவலியோடு சேராமல் மலையைத் துளைத்துத் தெற்கே போக வேண்டும் என்பதே இதன் சாரம். போதிய நிலவியல் ஆய்வு செய்யப்படவில்லை என்று தொடக்கத்திலேயே எச்சரித்தவர்கள் இருந்தார்கள்.

2014 டிசம்பரில் சுரங்கப்பாதைக்குள் தண்ணீர் பீறிட்டது. மலைக்குள் பாறை வெடிப்புகளில் காலங்காலமாகத் தேங்கி நின்ற நிலத்தடி நீர் அது. உள்ளே வடியத் தொடங்கியதும் மேலே கிணறுகள் வற்றின. பீலிகளில் தண்ணீர் நின்றது. வயல்கள் காய்ந்தன. நிலம் இறங்கியதில் ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. 2017 ஜூன் மாதம் பண்டாரவளையில் கடைகளை அடைத்துவிட்டு ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். பிக்குகளும் விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாரும் ஒரே கோஷத்தைப் போட்டார்கள். அமைச்சர்கள் வந்தார்கள், வெளிநாட்டு நிபுணர்களும் வந்தார்கள். கசிவை அடைக்கும் வேலை நீண்டது. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி இரு நாட்டு ஜனாதிபதிகள் முன்னிலையில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

இதில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்த மேடையில் நிற்க உரிமை இல்லை.

அந்த ஆண்டுகளில் எங்களில் இருவர் இந்த மாவட்டத்து வைத்தியசாலைகளில் வேலை செய்தோம். வயிற்றோட்டத்தோடு பிள்ளைகள் வந்தார்கள். தோல் அரிப்போடு வந்தார்கள். முதுகுவலி, தோள்வலி என்று பெண்கள் வந்தார்கள். பவுசர் வரும் நாளில் பிடித்த தண்ணீரை பரல்களில் நான்கைந்து நாள் வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில் நுளம்பு முட்டையிட்டது. முன்பு வாசலில் இருந்த பீலி வற்றியதால் இருபது லீற்றர் கேனோடு மலை ஏறி இறங்கினார்கள். நாங்கள் துண்டில் வயிற்றோட்டம் என்று எழுதினோம், ஜீவனி கொடுத்தோம். முதுகுவலி என்று எழுதி மாத்திரை கொடுத்தோம். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்ற ஒரு கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. அதை எழுதியிருந்தால், ஒரு மாதத்தில் எத்தனை பேர், எந்தெந்தப் பிரிவிலிருந்து என்று கணக்கு வந்திருக்கும். வீதியில் நின்று கத்தியவர்களின் கையில் ஒரு வைத்தியரின் எண்ணிக்கை இருந்திருக்கும். நாங்கள் அறைக்குள் இருந்துகொண்டு நோயைப் பார்த்தோம், நோய் வந்த வழியைப் பார்க்கவில்லை. அந்தப் பதிவேட்டை இனித் திருப்பி எழுத முடியாது.

மீரியபெத்தவிலும் இதே கதைதான், இன்னும் கொடியதாக.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் நேரம். பல நாள் மழைக்குப் பிறகு மலை சரிந்து லயங்களை மூடியது. மீட்கப்பட்ட உடல்கள் சிலவே. மற்றவர்கள் அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மலையே கல்லறை. அந்த இடம் ஆபத்தானது, மக்கள் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தும் போகவில்லையே என்று அப்போது பலர் கேட்டார்கள். கொழும்பில் இருந்த நம்மவர்களில் சிலரும் கேட்டார்கள்.

எங்கே போவது? இதுதான் நாங்கள் கொஸ்லந்தை முகாமில் மருந்துப் பெட்டியோடு போய் இருந்த நாட்களில் திரும்பத் திரும்பக் கேட்ட பதில். லயம் அவர்களுடையது இல்லை, நிலமும் அவர்களுடையது இல்லை. வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கின்றன. வேறிடம் போனால் வேலைக்கு எப்படி வருவது? வேறிடம் என்பது எந்த இடம், யார் தருவது? “போங்க போங்கன்னு சொன்னாங்க டொக்டரம்மா. எங்க போறதுன்னு ஒருத்தரும் சொல்லல” என்றார் ஒரு பாட்டி. இரவில் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால் முகாம் முழுவதும் எழுந்து உட்கார்ந்துவிடும். தூக்க மாத்திரை கேட்டவர்கள் குறைவு. காலைவரை யாராவது விழித்திருக்க வேண்டும் என்று முறை வைத்து விழித்திருந்தார்கள்.

தப்பியவர்கள் மகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் நீண்ட காலம் தங்கியிருந்து, 2016இல்தான் பூனாகலைப் பக்கத்தில் கட்டப்பட்ட 75 தனிவீடுகளுக்குப் போனார்கள். வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் நிலம். இருநூறு ஆண்டு வரலாற்றில் அவர்களுக்குக் கிடைத்த முதல் நிலம் அது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை நமக்குத் தெரியும்.

தலவாக்கலை, பண்டாரவளை, மீரியபெத்த மூன்றையும் ஏன் ஒன்றாகச் சொல்கிறோம்? மூன்றிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மலையில் ஏதாவது நடக்கப் போகும்போது முதலில் ஆட்சேபிக்க வேண்டியவர் அங்கே வாழ்பவர். ஆட்சேபிக்க ஒருவருக்கு நின்றுகொள்ள நிலம் வேண்டும். சுவர் வெடித்தால் நட்டஈடு கேட்க உறுதி வேண்டும். கிணறு வற்றினால் அது என் கிணறு என்று சொல்லக் காகிதம் வேண்டும். லயத்தில் இருப்பவரிடம் அது இல்லை. 1948இல் குடியுரிமையை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாக்குரிமையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நிலவுரிமைதான் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. நிலம் இல்லாதவரின் எதிர்ப்பு அலுவலகங்களில் வெறும் முறைப்பாடாகப் பார்க்கப்படுகிறது. நிலம் உள்ளவரின் எதிர்ப்பு கோவையில் ஏறுகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. நம் தோட்டங்களுக்குப் பெயர் வைத்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர். தம்பதென்ன தோட்டத்தை வாங்கிய லிப்டனும் கிளாஸ்கோவில் பிறந்தவர்தான். அவர்களின் சொந்த மலைநாட்டில், லொக் நெஸ் ஏரிக்கரையில், ஃபொயர்ஸ் என்று ஒரு புகழ்பெற்ற நீர்வீழ்ச்சி இருந்தது. 1890களில் ஓர் அலுமினிய நிறுவனம் அதன் தண்ணீரை எடுத்து மின்சாரம் செய்யத் திட்டமிட்டது. எழுதப்படாத மனு இல்லை, ஆனாலும் 1896இல் தொழிற்சாலை இயங்கியது. வேலைவாய்ப்பு வந்தது, நீர்வீழ்ச்சி மெலிந்தது. 1967இல் தொழிற்சாலை மூடப்பட்டது. வேலை போன பிறகும் பழைய நீர்வீழ்ச்சி திரும்பி வரவில்லை. அங்கே எதிர்த்தவர்களில் பிரபுக்களும் இருந்தார்கள். அவர்களாலேயே முடியவில்லை என்றால் மற்றவர்கள் என்ன செய்வது என்று தோன்றும்.

மாணவிகளே, உங்களுக்காக இன்னொரு கதை. ஐஸ்லாந்தில் குல்ஃபொஸ் என்ற பெரிய நீர்வீழ்ச்சி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலீட்டாளர்கள் அதைக் குத்தகைக்கு எடுத்து மின்நிலையம் அமைக்க முயன்றார்கள். பக்கத்துப் பண்ணையில் வளர்ந்த சிக்ரிதுர் தோமஸ்தோத்திர் என்ற பெண் எதிர்த்தார். பெரிய படிப்பு இல்லாதவர். பல மைல் நடந்து தலைநகருக்குப் போய் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வழக்கு அவருக்குச் சாதகமாக முடியவில்லை. ஆனால் அவர் இழுத்தடித்த ஆண்டுகளில் முதலீட்டாளர்கள் களைத்தார்கள், குத்தகைப் பணம் கட்டப்படாமல் 1929இல் ஒப்பந்தம் முடிந்துபோனது. நீர்வீழ்ச்சி இன்றும் விழுகிறது. அவருக்காக வழக்காடிய சட்டத்தரணி பின்னாளில் அந்த நாட்டின் முதல் ஜனாதிபதியானார். அந்தப் பெண் கடைசிவரை பண்ணைக்காரியாகவே இருந்தார். நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் இன்று அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் கேரளத்தின் அதிரப்பள்ளி. சாலக்குடி ஆற்றில் 163 மெகாவாட் திட்டம் போடப்பட்டது. அங்கே காட்டில் வாழும் காடர் மக்கள், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தங்களுக்குக் கொடுத்த உரிமையை எடுத்துக் காட்டி எதிர்த்தார்கள். அணை கட்டப்படவில்லை. காட்டின் மீது சட்டப்படியான உரிமை என்று ஒரு பிடி அவர்களுக்கு இருந்தது. நாங்கள் மேலே சொன்ன முடிச்சு இதுதான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? பேச்சு முடியும்போது ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு இறங்குவது எங்கள் நோக்கமில்லை. மூன்று சிறிய காரியங்களைச் சொல்கிறோம். மூன்றும் நம் கைக்கு எட்டியவை.

முதலாவது மழைமானி. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றரானால் தயார்நிலை, 150 மில்லிமீற்றரானால் வெளியேற்றம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும். ஒரு மழைமானியின் விலை பெரிதில்லை. நம் பாடசாலையிலும், மாணவிகள் வரும் தோட்டங்களிலும் ஒவ்வொன்று வைத்து, தினமும் காலை பிள்ளைகளே அளந்து எழுதட்டும். மேலே இருக்கும் பிள்ளைக்குத் தன் மலையின் மழை எவ்வளவு என்று இலக்கத்தில் சொல்லத் தெரிந்தால், கிராம சேவகரிடமும் துரையிடமும் தாய் தகப்பன் பேசும் பேச்சு வேறாகிவிடும்.

இரண்டாவது வாசிப்பு. நம் நாட்டில் 1980ஆம் ஆண்டு தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988 திருத்தமும் சில வகைத் திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகின்றன. அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்களை 30 நாளில் கொழுந்து பறித்துவிட்டு வந்து யார் வாசிப்பார்கள்? நம்மில் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகளும் புவியியல் ஆசிரியைகளும் இருக்கிறார்கள். ஊவாவில் எந்த மலையில் எந்தத் திட்டம் வந்தாலும், அது மின்நிலையமோ கல்குவாரியோ ஹோட்டலோ, அந்த அறிக்கையை வாசித்து, நாலு பக்கத்தில் நல்ல தமிழில் எழுதி, கோயில் திருவிழாவிலும் சம்பள நாளிலும் கையில் கொடுப்பது நம்மால் முடியும். ஆதரிக்கச் சொல்லவும் வேண்டாம், எதிர்க்கச் சொல்லவும் வேண்டாம். விளங்கினால் அவர்களே முடிவெடுப்பார்கள். மறைத்து வைத்தால் கேட்டு வாங்க 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

மூன்றாவது பதிவு. இது எங்கள் தொழிலுக்கான பரிகாரம். எங்களில் வைத்தியத் துறையில் உள்ளவர்கள் இப்போது ஒவ்வொரு வயிற்றோட்டத் துண்டிலும் ஒரு வரி சேர்க்கிறோம்: குடிதண்ணீர் எங்கிருந்து. ஆசிரியைகள் வரவுப் பதிவேட்டைப் பார்க்கும்போது, ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து வராமல் இருந்தால் காரணம் கேட்டு எழுதுகிறார்கள். தண்ணீர் எடுக்கப் போனதால் முதல் பாடத்தைத் தவறவிடும் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாலும் அது எழுதப்பட வேண்டிய செய்திதான். எழுதாவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றுதான் நாளைக்குச் சொல்வார்கள்.

இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. நூற்றாண்டு நினைவாக நுழைவாயில் வளைவு ஒன்று கட்டும் யோசனை சங்கத்தின் முன் இருப்பது தெரியும். அதற்கு நாங்கள் எதிரிகள் இல்லை, வளைவும் அழகாகத்தான் இருக்கும். அதன் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் மழைமானிகளையும் வாசிப்புக் குழுவையும் பல ஆண்டுகள் நடத்தலாம் என்பதை மட்டும் நிர்வாகக் குழுவின் பார்வைக்கு வைக்கிறோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப் போகும் சகோதரிகளே, உங்களிடம் பணத்தைவிட நேரத்தையே அதிகம் கேட்கிறோம். ஓர் அறிக்கையை வாசித்து நாலு பக்கம் எழுத நீங்கள் பதுளைக்கு வர வேண்டியதில்லை.

முடிக்கும் முன், தியலுமவில் கத்தாமல் நின்ற எங்கள் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் நலமாக இருக்கிறாள். உயர்தரம் முடித்து, தன் ஊர்ப்பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாகிவிட்டாள். இந்த உரையை எழுதிய ஏழு பேரில் அவளும் ஒருத்தி. மேடைக்கு வா என்று அழைத்தோம், வரவில்லை. இது ஒக்டோபர், நவம்பர் மழைக்காலம். மழை நாட்களில் பிள்ளைகளை விட்டுவிட்டு அவள் எங்கேயும் போவதில்லை. நேற்று இரவு தொலைபேசியில் இந்த உரையின் கடைசிப் பகுதியை வாசித்துக் காட்டினோம். எல்லாம் சரி என்றாள். பிறகு, “நேத்து எங்க பக்கம் மழை எவ்வளவுன்னு சொல்லு பாப்பம்” என்று கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. 42 மில்லிமீற்றர். பாடசாலை முற்றத்தில் அவளும் பிள்ளைகளும் சேர்ந்து வைத்த மழைமானியில் அளந்தது.

முதலாவது மழைமானி ஏற்கெனவே வேலை செய்கிறது. மற்றவற்றை நாம் வைக்க வேண்டும்.